ட்ரம்மைக் கிட்டே இழுத்துப் போடுங்கள்

தாளம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நான்கடி உயரத்துக்கு மேல் அதிகம் வளராத ஒருவர் நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானவர்களை ஆட வைத்தார், அவர் பெயர் சிக் வெப் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முக்கால்வாசி. அதிலும் பளுகலிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் தவில், மிருதங்கம் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் கானமேளாப் பாட்டுக் கச்சேரியில் ட்ரம் செட்டில் உட்காருகிறவரை ‘ஜாஸ் வாசிக்கிறவர்’ என்று சொல்வார்கள். நீங்கள் ஜாஸ் என்பது ஒரு இசை என்று எழுதுகிறீர்கள். எது சரி?
- கல்லூரி மாணவர், குழித்துறை

இரண்டும் சரிதான், தம்பி. எனக்கும் முதலில் அது வாத்தியத்தின் பெயராகத்தான் தெரியும். சர்ச் பேண்டு செட்டில் சைடு ட்ரம் தட்டிக்கொண்டிருந்த என்னை, ஒரு கானமேளாவில் ஆள் வராத அன்று, ‘ஜாஸில் நீ உட்காருடே’ என்று மாஸ்டர் பிடித்து உட்கார வைத்தார். அப்புறம் நாற்பது வருடம் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பெயர் வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் பேண்டு செட்டைக் கவனியுங்கள். பெரிய ட்ரம்முக்கு ஒரு ஆள், சைடு ட்ரம்முக்கு ஒரு ஆள், பித்தளைத் தட்டுக்கு ஒரு ஆள். பட்டாளத்து பேண்டின் வழக்கம் அது. ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டு கையாலும் காலாலும் இத்தனையையும் வாசிக்கும் செட்டு அமெரிக்காவில் ஜாஸ் வளர்ந்தபோதுதான் கூடவே வளர்ந்தது. பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் பெடலுக்கு லட்விக் சகோதரர்கள் 1909இல் காப்புரிமை வாங்கினார்கள். அதற்குப் பிறகு மூன்று பேர் வேலை ஒருவர் கைக்கும் காலுக்கும் வந்தது. இசையோடு வந்த வாத்தியத்துக்கு நம் ஆட்கள் இசையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நான் எழுதுவது 1930களில் பதின்மூன்று, பதினைந்து பேர் கொண்ட பெரிய குழுக்கள் ஆடுகிறவர்களுக்காக வாசித்த ஜாஸ். அதற்கு ஸ்விங் என்று பெயர். 1935இலிருந்து ஏறக்குறைய பத்து வருடம் அமெரிக்க வானொலியிலும் நடன மன்றங்களிலும் அதுதான். சினிமா நடிகருக்குக் கூடுகிற கூட்டம் அன்றைக்கு ட்ரம் வாசிக்கிறவருக்கும் கூடியது.

கேள்வி: மாஸ்டர் ஐயா, என் மகனுக்குப் பதினொரு வயது. சின்னதிலேயே முதுகெலும்பு வளைந்துவிட்டது. வளர்த்தியும் குறைவு. சோற்றுப் பானை, பெயின்ட் டப்பா, எது கிடைத்தாலும் கொட்டிக்கொண்டே இருப்பான். செண்டை படிக்க ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டேன். இவன் தோளில் செண்டை நிற்காது, வேறு ஏதாவது படிக்க வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை பையன் வாயே திறக்கவில்லை. நீங்கள் எழுதிய அந்த மனிதர் உண்மையிலேயே கூன் முதுகோடுதான் வாசித்தாரா?
- ஒரு தாய், பளுகல்

உண்மைதான் அம்மா. பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அவர் பெயர் வில்லியம் ஹென்றி வெப். பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி 1905 பிப்ரவரி 10இல், அமெரிக்காவில் பால்டிமோர் என்ற துறைமுக நகரத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே முதுகெலும்பில் காசநோய் வந்தது. மாடிப்படியில் விழுந்ததும் சேர்ந்துகொண்டது. முதுகு கூனிவிட்டது, வளர்த்தி நின்றுவிட்டது. கடைசிவரை நான்கடிக்குச் சற்று மேல்தான் உயரம். கோழிக்குஞ்சு என்ற பொருளில் ‘சிக்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரையே அவர் மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்.

அவரைக் கொட்ட வைத்தது யார் தெரியுமா? மருத்துவர். விறைத்துப்போன எலும்புகள் கொஞ்சம் இளகட்டும், ஏதாவது வாத்தியம் வாசிக்கட்டும் என்று அவர் சொன்ன யோசனைதான் ஆரம்பம். வீட்டில் காசு இல்லை. தெருவில் பேப்பர் விற்று, அந்தக் காசைச் சேர்த்து வைத்துப் பையன் ட்ரம் வாங்கினான். பதினொரு வயதில் கூலி வாங்கி வாசித்தான். உங்கள் மகனுக்கும் பதினொன்று என்று படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்புறம் நியூயார்க் போனார். 1926இல் ஹார்லம் பகுதியில் சொந்தக் குழு நடத்திக்கொண்டிருந்தார். ஐந்தாறு வருடம் பஞ்சம்தான். வேலை இருக்கும், இல்லாமலும் போகும். 1930களின் தொடக்கத்தில் சவாய் என்ற நடன மன்றத்தின் நிலைக்குழுவாக ஆனார்கள். லெனாக்ஸ் அவென்யூவில் 140ஆம் தெருவிலிருந்து 141ஆம் தெரு வரை நீண்ட கட்டடம் அது. உள்ளே துள்ளிக் கொடுக்கிற மாதிரி போட்ட மரத்தரை. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தரையில் ஆட அன்றைய அமெரிக்காவில் இடம் கிடைப்பது அரிது. அங்கே ஆடினார்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். நான்கடி மனிதருக்குப் பெடல் எப்படிக் காலுக்கு எட்டியது?

செட்டை அவர் தன் உடம்புக்குத் தக்கபடி செய்து வாங்கினார். பேஸ் ட்ரம் 28 அங்குலம். நம் பேண்டு செட்டில் வயிற்றில் மாட்டி அடிக்கிற பெரிய ட்ரம் அளவு இருக்கும். அதன் பின்னால் அவர் உட்கார்ந்தால் எதிரே நிற்பவருக்குத் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். அதை மிதிக்கப் பெடலைத் தனியாகச் செய்ய வைத்தார். தட்டுகளை நிமிர்ந்த கம்பியில் மாட்டினால் அவருக்கு எட்டாது. அதனால் வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த கம்பிகளில் மாட்டி, அவை தலைக்கு மேலிருந்து குனிந்து கைக்குக் கிட்டே வரும்படி வைத்தார். எல்லாவற்றையும் ஒரு மேடையில் ஏற்றிக் குழுவின் நடுவில் வைத்தார். ஓரத்தில் ஒளிந்துகொள்ளவில்லை அம்மா. நடுவில் உட்கார்ந்தார். அங்கிருந்தே குழுவையும் நடத்தினார். இசைக்குறிப்பு படிக்க அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாட்டிலும் யார் எங்கே ஊதுவார், எங்கே நிறுத்துவார் என்பது முழுவதும் மனப்பாடம்.

செண்டை ஆசானைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தோளில் நிற்காது என்று அவர் சொன்னது செண்டையின் அளவில் உண்மை. மணிக்கணக்கில் முழு எடையும் ஒரு தோளில் தொங்கும். வளைந்த முதுகுக்கு அது ஆகாது. ஆனால் ‘வேறு ஏதாவது’ என்று சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது. கொட்டுவதற்கு உட்கார்ந்து வாசிக்கிற வழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் யோசித்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், போலியோவில் வலது கால் சூம்பிப்போன ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். வலது காலில்தான் பெடல் மிதிக்க வேண்டும், இவனால் ஆகாது என்று நானே அனுப்பினேன். பெடலை இடது காலுக்கு மாற்ற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் செலவழிக்கவில்லை. அப்பாவும் மகனும் மேற்கே போகிற பஸ்ஸுக்கு நின்றதை வாசலிலிருந்து பார்த்தேன். வெப்பைப் பற்றி அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஓடிப்போய்க் கூட்டி வந்திருப்பேன்.

பையனைக் கூட்டி வாருங்கள். வாத்தியம் எதுவும் வாங்க வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பெயின்ட் டப்பாவைப் பிடுங்காமல் இருந்தால் போதும். ஸ்டூலின் உயரம், பெடலுக்கும் பாதத்துக்கும் உள்ள தூரம், ஸ்நேர் என்கிற சைடு ட்ரம் எவ்வளவு சாய வேண்டும் என்பதெல்லாம் அவன் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதுகு நிமிர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். தோளும் மணிக்கட்டும் தளர்வாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

கேள்வி: நான் முப்பது வருடமாக பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறேன். பென்னி குட்மன் ஊதிய பழைய ரெக்கார்டுகள் என்றால் உயிர். அவருடைய குழு ஒரு போட்டியில் வெப்பிடம் தோற்றது என்று ஒருவர் சொன்னார். குட்மன் தோற்றாரா?
- அருமனை

தோற்றார், அண்ணன். அவர் ஆட்களே ஒப்புக்கொண்ட தோல்வி.

நம் பக்கம் பெரிய சர்ச் திருவிழாவில் நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு செட்டும் திருவனந்தபுரம் பக்கமிருந்து ஒரு செட்டும் வந்து, குருசடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மாறி மாறி வாசிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வாசித்தும் இருப்பீர்கள். சவாயில் அது வாடிக்கை. அங்கே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு முடிக்கும்போது மற்றது எடுக்கும். ஆடுகிறவர்கள் கால் ஓயாது.

1937 மே 11. குட்மன் அன்றைக்கு அமெரிக்காவிலேயே பெரிய பெயர். 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பாலமார் மன்றத்தில் அடித்த அடியில் நாடு முழுவதும் தெரிந்துவிட்டது. அவர் ஹார்லமுக்கு வந்து வெப்பின் வீட்டுக்குள்ளேயே மோதுகிறார். உள்ளே 4,000 பேர், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் 5,000 பேர் என்று அன்றைய கணக்கு. கூட்டத்தை அடக்க போலீஸ் வந்தது.

குட்மன் குழுவில் ட்ரம்மில் ஜீன் க்ரூப்பா. வெளுத்த முகம், நெற்றியில் விழும் முடி, ஆளைப் பார்த்தாலே கூட்டம் கத்தும். எதிர் மேடையில் அந்த 28 அங்குல ட்ரம்முக்குப் பின்னால் நம் ஆள். ஹார்லம் கூட்டம் வெப் பக்கம்தான். ஆனால் சொந்த ஊர்க் கூட்டம் என்பதால் மட்டும் ஜெயித்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தரையில் எந்த வேகத்தில் பாட்டை எடுத்தால் கால் தானாகத் தூக்கும் என்பது வருடக்கணக்காக இரவுக்கிரவு வாசித்தவருக்குத்தான் தெரியும். வந்த குழு நன்றாக வாசித்தது. இருந்த குழுவுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. திருவிழாவில் நமக்கும் இது நடந்திருக்கிறது. வெளியூர் செட் பளபளவென்று சினிமாப் பாட்டாக எடுத்துக்கொண்டே போகும். உள்ளூர் மாஸ்டர் சப்பரம் நகர்கிற நடையைப் பார்த்து ஒரே ஒரு பழைய பாட்டைப் பொருத்தமான வேகத்தில் எடுப்பார். சப்பரம் தூக்குகிறவர்களின் தோள் அதற்கு அசையும். கூட்டமும் இந்தப் பக்கம் வந்துவிடும்.

முடிவில் க்ரூப்பா எழுந்து நின்று வெப்பைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். என்னைத் தோற்கடித்தவர்களில் இவருக்கு மேல் ஒருவர் இல்லை என்ற பொருளில் பின்னாலும் சொன்னார்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம்: சவாயின் பெயரையே தலைப்பில் வைத்து குட்மன் ஊதிய பாட்டு இருக்கிறதே, அது வெப் குழுவில் சாக்ஸபோன் வாசித்த எட்கர் சாம்ப்சன் செய்தது. 1934இல் வெப் பதிவு செய்தார், 1936இல் குட்மன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கிளாரினெட்டுக்காக குட்மன், அடியில் ஓடும் ட்ரம்முக்காக வெப்.

வெப் எல்லாப் போட்டியிலும் ஜெயித்தவர் என்று எழுதினால் பொய்யாகும். அதே 1937இல் டியூக் எலிங்டன் குழு வந்தபோது சவாயிலேயே அவர் தோற்றார். 1938 ஜனவரி 16இல் கவுன்ட் பேஸி குழுவோடு மோதியதில் யார் ஜெயித்தார் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அதே இரவில்தான் நகரத்தின் இன்னொரு பக்கம் கார்னகி ஹாலில் குட்மனும் க்ரூப்பாவும் வாசித்தார்கள். ஒரே ஊரில் ஒரே ராத்திரி! நான் அங்கே பிறந்திருந்தால் எந்த வாசலில் நின்றிருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சவாய் வாசலில்தான்.

கேள்வி: அப்படியானால் க்ரூப்பா வெப்பைவிடக் குறைந்தவரா? பெயர் என்னவோ அவருக்குத்தானே அதிகம்?
- பள்ளி ஆசிரியை, செங்கோட்டை

குறைந்தவர் என்று சொல்ல மாட்டேன், டீச்சர். வெப் வெள்ளைக்காரராகப் பிறந்து, ஆரோக்கியமாகவும் இருந்திருந்தால் பெயர் வேறு மாதிரி பரவியிருக்கும். அதற்காக க்ரூப்பாவின் உழைப்பைக் குறைக்க முடியாது.

1909 ஜனவரி 15இல் சிகாகோவில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் கத்தோலிக்கப் பாதிரியாராக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. (எங்கள் பக்கம் ஒவ்வொரு கத்தோலிக்க வீட்டிலும் இந்த ஆசை ஒரு பிள்ளை மேல் விழும்.) 1927 டிசம்பரில் சிகாகோவில் நடந்த ஒரு ஒலிப்பதிவில் அவர் முழு பேஸ் ட்ரம்மையும் வாசித்தார். அதுவரை ஸ்டூடியோக்காரர்கள் பேஸ் ட்ரம்மை உள்ளே விட பயப்படுவார்கள். அடியின் அதிர்ச்சியில் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும் ஊசி துள்ளிவிடும். பழைய ரெக்கார்டுகளில் ட்ரம் இல்லாத மாதிரி கேட்பதற்குக் காரணம் இதுதான். வாசித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

செட்டில் இருக்கும் டாம் என்ற ட்ரம்மின் மேல் தோலையும் கீழ்த் தோலையும் தனித்தனியாகச் சுருதி கூட்டும் வசதி வந்ததிலும் அவர் கை உண்டு. ஸ்லிங்கர்லாண்ட் கம்பெனியோடு சேர்ந்து செய்தார். 1938இல் குட்மனை விட்டுப் பிரிந்து சொந்தக் குழு. 1941இல் ராய் எல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின ட்ரம்பெட்காரரைத் தன் வெள்ளைக் குழுவில் முழு உறுப்பினராகச் சேர்த்தார். அன்றைக்கு அது சின்ன விஷயமில்லை. 1943இல் கஞ்சா வழக்கில் சிக்கி மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையில் இருந்தார். வெளியே வந்து மறுபடி வாசித்தார். 1973இல் இறந்தார். கறுப்பின ட்ரம்மர்களிடம் கற்றேன் என்பதை அவர் எந்தக் காலத்திலும் மறைக்கவில்லை. அதனால்தான் அந்த வணக்கத்துக்கு மதிப்பு.

கேள்வி: யூட்யூப் பார்த்து ட்ரம்ஸ் படிக்கிறேன். சினிமாப் பாட்டு பீட் எல்லாம் வருகிறது. ஸ்விங் மட்டும் வாசித்தால் நொண்டுகிறது. என்ன தப்பு?
- பாறசாலை

கையில் தப்பில்லை தம்பி, எண்ணுவதில் தப்பு. நீ ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பிளக்கிறாய். இங்கே மூன்றாகப் பிளக்க வேண்டும்.

ட்ரம்மை விட்டு எழுந்திரு. மேசையில் வலது கை விரலை வை. வாயால் ‘தகிட தகிட தகிட தகிட’ சொல். அது நான்கு அடி. இப்போது நடுவிலிருக்கும் ‘கி’யை விழுங்கிவிடு. ‘த..ட, த..ட’ என்று வரும். விழுங்கினாலும் அதன் இடம் காலியாக அப்படியே இருக்க வேண்டும். அதுதான் உயிர். அடுத்து, முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் கடைசி ‘ட’வையும் எடுத்துவிடு. ‘தாம், த..ட, தாம், த..ட’. இதைத் தட்டில் வாசி. இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் இடது காலால் ஹை-ஹாட்டை, அதாவது பெடலில் மூடித் திறக்கும் ஜோடித் தட்டை, மூடு. பேஸ் ட்ரம் நான்கு அடியிலும் உண்டு, ஆனால் காதில் விழக் கூடாது; தரை வழியாக உடம்பில் தெரிந்தால் போதும். வேகம் கூடக் கூட அந்த மூன்று பங்குக் கணக்கு இளகும். அதை நீயாக இளக்காதே, தானாக இளகும்.

வீட்டுப் பக்கத்தில் கோயிலில் பஞ்சாரி மேளம் நடந்தால் போய் நில். ஆறு ஆறாக ஓடும் அந்த நடையில் உடம்பு ஒரு மணி நேரம் ஊறினால் மூன்றின் கணக்கு எலும்பில் ஏறிவிடும். என் மாணவர்களில் செண்டை தெரிந்தவர்களுக்கு ஸ்விங் சீக்கிரம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

யாரைக் கேட்க என்றால் ஜோ ஜோன்ஸ். பேஸி குழுவின் ட்ரம்மர். தாளத்தின் ஓட்டத்தைக் காலடியிலிருந்து எடுத்து ஹை-ஹாட்டுக்கு ஏற்றியவர். அவர் வாசித்தால் காற்று போகிற மாதிரி இருக்கும். அப்புறம் வெப்பின் ‘ஹார்லம் காங்கோ’, ‘லைசா’ இரண்டும். அவற்றில் அவர் தனியாக எடுக்கும் இடங்களில் எவ்வளவு அடி விழுந்தாலும் பாட்டின் நடை ஒரு இழை நகராது. அதற்காகக் கேள்.

கேள்வி: எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பாடகியை வெப்தான் கண்டுபிடித்தார் என்று படித்தேன். ஒரு ட்ரம்மர் பாடகியைத் தேடி எடுத்தது எப்படி? வெப்புக்குக் கடைசியில் என்ன ஆனது?
- ஓய்வு பெற்ற தபால் ஊழியர், கொழிஞ்சாம்பாறை

1934 நவம்பரில் ஹார்லத்தின் அப்போலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆடுவதற்காக வந்து, மேடை ஏறியதும் மனம் மாறிப் பாடினாள். பரிசும் வாங்கினாள். அம்மா இல்லாத பிள்ளை, உடுத்த நல்ல துணி இல்லை. அவளை வெப்பிடம் கொண்டுவந்தபோது அவர் முதலில் தயங்கினார். பாடகி என்றால் மேடையில் பார்க்க இப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு கணக்கு இருந்தது. தோற்றத்தை வைத்து ஒதுக்கப்பட்ட வலி தெரிந்தவரே ஒரு நிமிடம் அந்தக் கணக்கில் விழுந்துவிட்டார் என்பது எனக்கு வருத்தம். ஆனால் ஒரு நடன நிகழ்ச்சியில் பாட வைத்துப் பார்த்தார். 1935இல் சேர்த்துக்கொண்டார். அப்புறம் குழுவின் பாட்டுகளையே அவளைச் சுற்றி அமைத்தார். 1938 மே மாதம் ஒரு குழந்தைப் பாட்டை எடுத்து அவர்கள் செய்த ரெக்கார்டு நாடு முழுவதும் முதலிடத்துக்குப் போனது.

அந்த வெற்றி வந்த வருடமே உடம்பு விழத் தொடங்கியது. 1938 நவம்பரிலிருந்து வலி அதிகம். பொருளாதார மந்தம் தீராத காலம். தான் நிறுத்தினால் குழுவில் இத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்று ஊர் ஊராகப் போய் வாசித்தார். வாசித்து முடித்ததும் மயங்கி விழுவார். எழுந்து அடுத்த ஊருக்குப் போவார். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. 1939 ஜூன் 16இல் இறந்தார். வயது முப்பத்து நான்கு. மன்னியுங்கள், நான் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். குழு கலையவில்லை. இருபத்திரண்டு வயது எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அதன் தலைவியானார். 1942 வரை நடத்தினார். பால்டிமோரில் பிள்ளைகள் விளையாட ஒரு மையம் வெப்பின் பெயரில் கட்டினார்கள்.

பளுகல் அம்மா, இந்தப் பதிலை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். அவர் இளவயதில் இறந்ததை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கொன்றது ட்ரம் இல்லை. முதுகெலும்புக் காசநோய்க்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943இல்தான். இன்றைக்குப் பெரும்பாலும் மாத்திரையில் தீரும் நோய் அது. உங்கள் மகனின் வளைவுக்குக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு நேரம் உட்காரலாம், எந்த அசைவு கூடாது என்று எழுதி வாங்குங்கள். அரை மணி என்றால் அரை மணி. அதற்கு மேல் ஒரு நிமிடம் நான் உட்கார விட மாட்டேன்.

அந்தச் சீட்டோடு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாருங்கள். பத்திரிகை அலுவலகத்தில் என் விலாசம் கேட்டால் கொடுப்பார்கள். பெடலின் மேல் ஒட்ட ஒரு பலகைத் துண்டு இழைத்து வைத்திருக்கிறேன். பழைய ஸ்டூல் ஒன்றை ஆசாரியிடம் கொடுத்து நாலு காலையும் குறைத்து வாங்கிவிட்டேன். பையன் வந்து உட்கார்ந்தால்தான் சரியான அளவு தெரியும் என்பதால், கால்களில் இன்னும் இரண்டு விரற்கடை மரம் மிச்சம் விடச் சொல்லியிருக்கிறேன்.